பிரேக்கர் அதிர்வும் விரல்களும்: கேள்வி-பதில்

15 கிலோ பிரேக்கரை (கான்கிரீட் உடைக்கும் கை மெஷின்) ஒரே ஆள் நாள் முழுக்க ஓட்டலாமா?

கூடாது, அதிர்வு விரல்களைக் கெடுக்கும். மெஷின் கையேட்டில் அதிர்வு அளவு மீ/வி² என்ற அலகில் போட்டிருக்கும். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரண்டால் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கான புள்ளி கிடைக்கும். பிரிட்டனில் வழக்கத்தில் உள்ள கணக்கு இது. அங்கே 2005 விதிப்படி ஒரு நாளில் 100 புள்ளியைத் தொட்டால் அதிர்வைக் குறைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். 400-ஐத் தாண்டவே கூடாது.

10 மீ/வி² மெஷினுக்கு மணிக்கு 200 புள்ளி. அரை மணியில் 100, இரண்டு மணியில் 400. அதுவே 15 மீ/வி² என்றால் 53 நிமிடத்தில் 400 வந்துவிடும். டிரிக்கர் அழுத்தியிருக்கும் நேரம் மட்டுமே சேரும். டீ குடித்த நேரம் சேராது. அதே ஆள் பிறகு கிரைண்டர் பிடித்தால் அந்தப் புள்ளியையும் கூட்டுங்கள். கையேட்டு எண் சோதனைக்கூடத்தில் எடுத்தது. சைட்டில் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

அதிர்வு தாங்கும் கையுறை வாங்கித் தந்தால் போதுமா?

போதாது. அந்தக் கையுறைகள் வேக அதிர்வைத்தான் ஓரளவு குறைக்கும். பிரேக்கர் நிமிடத்துக்கு 1,000 முதல் 2,000 அடி அடிப்பது. அந்த மெதுவான அதிர்வு அப்படியே கைக்கு வரும். தடிமனான கையுறை என்றால் இன்னும் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும், அது கெடுதல். கீறல் படாமலிருக்கச் சாதாரணக் கையுறை போதும்.

ஸ்பிரிங் கைப்பிடி உள்ள மெஷின்தான். ஆனாலும் கை உதறுகிறதே?

உடம்பு பாரத்தை முழுக்கப் போட்டு அழுத்தினால் ஸ்பிரிங் அடிமட்டம் வரை அமுங்கி, சாதாரணக் கைப்பிடி ஆகிவிடும். மேலே தூக்கிப் பிடித்தாலும் அதே கதைதான். கைப்பிடி நடுநிலையில் நிற்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் போதும், மீதியை மெஷினின் எடை பார்த்துக்கொள்ளும்.

அடுத்து உளி. முனை மழுங்கினால் அதே வேலைக்கு அதிக நேரம் டிரிக்கர் அழுத்த நேரும். கூர்தீட்டிய மாற்று உளி கையோடு இருக்கட்டும். ஓரத்திலிருந்து சிறு சிறு துண்டாக உடைத்து வாருங்கள். நடுவில் ஆழமாக இறக்கினால் உளி சிக்கும். சிக்கிய உளியை மெஷினை ஓட்டிக்கொண்டே பிடுங்குவதுதான் கைக்கு மிகவும் கெட்டது. அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போகின்றன. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

மெஷினைத் தொடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். எந்த மெஷின், எத்தனை வருடம் என்பதையும் சொல்லுங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்தினாலும் இந்த மூன்று விரல்களில்தான் முதலில் தெரியும். அதிர்வு பாதிப்பின் இன்னொரு அறிகுறியான விரல் வெளுப்பது பெரும்பாலும் குளிரில்தான் வரும் என்பதால், நம் ஊர் வெயிலில் அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். உணர்ச்சி ஒருமுறை நிரந்தரமாகப் போய்விட்டால் திரும்பாது.

பைல் (அஸ்திவாரத்துக்கு மண்ணில் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) தலை உடைக்க பிரேக்கர் இல்லாமல் வழி உண்டா?

உண்டு, ஆனால் கான்கிரீட் போடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். கட்-ஆஃப் மட்டத்துக்கு (பைலை வெட்டி நிறுத்த வேண்டிய உயரம்) மேலுள்ள கம்பிகளுக்கு ஃபோம் உறை மாட்டிவிட்டால் அங்கே கான்கிரீட் கம்பியைப் பிடிக்காது. பிறகு அந்த மட்டத்தில் பிளவு ஏற்படுத்தித் தலையைக் கிரேனில் தூக்கி எடுக்கலாம். உறை போடாத பைலுக்கு, எக்ஸ்கவேட்டரில் மாட்டும் ஹைட்ராலிக் குராப்பர் (பைல் தலையை நெரித்து உடைக்கும் கருவி) வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.