அட்டையைக் காட்டினால் என்ன? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தேசிய அடையாள அட்டையை எதிர்த்து நீங்கள் எழுதியதை வாசித்தேன். உங்கள் கோபம் தெரிகிறது, காரணம்தான் பிடிபடவில்லை. நான் தப்பு எதுவும் செய்வதில்லை. தெருவில் போலீஸ்காரர் நிறுத்தி அட்டையைக் கேட்டால் எடுத்துக் காட்டுவேன், அரை நிமிடத்தில் போய்க்கொண்டே இருப்பேன். மறைக்க ஏதாவது இருப்பவர்கள்தானே தயங்க வேண்டும்? ஜெர்மனியில் எல்லோரிடமும் அட்டை இருக்கிறது. அதனால் அங்கே ஜனநாயகம் செத்துவிட்டதா? குண்டு வைப்பவர்களைப் பிடிக்க இதுகூட வேண்டாம் என்றால் எப்படி?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் ‘அரை நிமிட’த்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்த விஷயத்தில் நாம் பிரிகிற இடம் அதுதான்.

அமெரிக்காவில் எட்வர்ட் லாசன் என்று ஒருவர். கறுப்பினத்தவர், சடைமுடி வளர்த்தவர், எங்கும் நடந்தே போகிறவர். 1975 மார்ச்சுக்கும் 1977 ஜனவரிக்கும் இடையில் கலிஃபோர்னியா போலீஸ் அவரைச் சுமார் 15 முறை பிடித்து நிறுத்தியது. வழக்குப் போட்டது இரண்டு முறை, தண்டனை கிடைத்தது ஒரே முறை. போலீஸ் கேட்டால் ‘நம்பத்தகுந்த’ அடையாளத்தைக் காட்ட வேண்டும் என்றது அந்த மாநிலச் சட்டம். எது நம்பத்தகுந்தது என்று சட்டத்தில் இல்லை. எதிரே நிற்கும் போலீஸ்காரருக்குத் திருப்தியாக இருந்தால் சரி. லாசன் நீதிமன்றம் போனார். 1983இல் உச்ச நீதிமன்றம், இப்படித் தெளிவில்லாத ஒரு சட்டம் போலீஸ் கையில் எல்லையில்லாத அதிகாரத்தைக் கொடுக்கிறது என்று சொல்லி அதைச் செல்லாததாக்கியது.

லாசனும் எதையும் மறைக்கவில்லை, நடந்துதான் போனார். உங்களை ஒரு முறை நிறுத்துவார்கள், ஒருவேளை நிறுத்தாமலே விட்டுவிடுவார்கள். அவரைப் போன்ற ஒருவரைத் திரும்பத் திரும்ப நிறுத்துவார்கள். ஃபிரான்ஸில் தோல் நிறத்தையும் வம்சத்தையும் பார்த்து அடையாளச் சோதனை நடந்ததற்கு அரசே பொறுப்பு என்று அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் 2016 நவம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்பது உங்கள் தோற்றத்துக்கும் பெயருக்கும் கிடைத்திருக்கும் சலுகை. அதை வைத்து எல்லோருக்குமான சட்டத்தை எடைபோடக் கூடாது.

என் எதிர்ப்பு எல்லாம் ஒரே கேள்வியில்தான் நிற்கிறது: காரணம் சொல்ல வேண்டியது யார்? ஒருவரை வழியில் நிறுத்தினால், ஏன் நிறுத்தினேன் என்று போலீஸ்தான் சொல்ல வேண்டும். அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டால் இது தலைகீழாகிறது. போலீஸ் காரணம் சொல்ல வேண்டியதே இல்லை. அட்டையை மறந்து வந்ததற்கு நீங்கள் காரணம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதுவரை செய்யாத குற்றம் ஒன்று, பர்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாலேயே உங்கள் மேல் வந்து விழும்.

பிரிட்டனில் இது அப்படியே நடந்தது. 1939இல் போர் தொடங்கியதும் எல்லோருக்கும் அட்டை கொடுத்தார்கள். படைக்கு ஆளெடுக்க, நாட்டின் பாதுகாப்புக்கு, ரேஷனுக்கு என்று மூன்று காரணம் சொன்னார்கள். பதினொரு ஆண்டுகளில் அந்த மூன்று 39 ஆகிவிட்டது. போர் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் போலீஸ் அட்டை கேட்டுக்கொண்டிருந்தது. 1950 டிசம்பரில் வடக்கு லண்டனில் கார் ஓட்டிப்போன கிளாரன்ஸ் வில்காக் என்பவரை நிறுத்திக் கேட்டார்கள். அவர் காட்ட மறுத்தார். இரண்டு நாளில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து காட்டலாம் என்றார்கள், அதற்கும் மறுத்தார். சட்டம் அமலில் இருந்ததால் மேல்முறையீட்டிலும் தோற்றார். ஆனால் தலைமை நீதிபதி கோடார்ட் அதோடு நிறுத்தவில்லை. பாதுகாப்புக்காகக் கொடுத்த அதிகாரத்தைப் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் காட்டுவது தவறு என்றார். இப்படிச் செய்தால் மக்களுக்குப் போலீஸ் மேல் கசப்புதான் வரும், உதவ வேண்டியவர்கள் முட்டுக்கட்டை போடுவார்கள் என்றார். 1952 பிப்ரவரியில் அட்டையையே ஒழித்தார்கள். பிறகு 2006இல் மறுபடி கொண்டுவந்தார்கள். 2010இல் அந்தச் சட்டமும் ரத்தானது, அதுவரை சேர்த்த பதிவேட்டை அழித்தார்கள்.

நம் ஆட்களின் கதை இதைவிடப் பழையது. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில் 1907இல் வந்த ஆசியர் பதிவுச் சட்டத்தின்படி எட்டு வயதைத் தாண்டிய ஒவ்வொரு இந்திய ஆணும் கைரேகை கொடுத்துப் பதிவுச் சான்றிதழ் வாங்க வேண்டும், போலீஸ் எப்போது கேட்டாலும் காட்ட வேண்டும். அதை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். தம்பி நாயுடு திரும்பத் திரும்பப் போனார். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோஹன்னஸ்பர்க்கில் ஹமீதியா மசூதித் திடலில் காந்தி தலைமையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்களைத் தீயில் போட்டார்கள். போட்டவர்கள் கடைக்காரர்கள், தெருத்தெருவாகக் கூவி விற்றவர்கள். அவர்களிடம் என்ன இருந்தது மறைக்க? குற்றவாளிக்குச் செய்வதை எங்களுக்கு ஏன் செய்கிறாய் என்பதுதான் அவர்கள் கேள்வி. இந்த வரலாறு தெரிந்த தமிழர் ‘காட்டினால் என்ன’ என்று கேட்கும்போது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

இதுவரை சொன்னது அட்டையைக் கேட்கும் போலீஸைப் பற்றி. அட்டைக்குப் பின்னால் இருக்கும் பதிவேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது இன்னும் பெரிய விஷயம். நெதர்லாந்தில் போருக்கு முன்பே ஒழுங்கான குடிமக்கள் பதிவேடு இருந்தது. ஒவ்வொருவரின் மதமும் அதில் இருந்தது. எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, அது சாதாரண நிர்வாக வேலை. 1940இல் ஜெர்மன் படை உள்ளே வந்தது. அடுத்த ஆண்டே எல்லோருக்கும் அட்டை, யூதர்களின் அட்டையில் ‘ஜே’ என்ற எழுத்து. அந்நாட்டு யூதர்களில் நான்கில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச் 27 இரவு வில்லெம் அரோண்டேயஸ் என்ற ஓவியரும் நண்பர்களும் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குள் புகுந்து அந்த ஏடுகளைக் கொளுத்தினார்கள். ஓரளவுதான் எரிந்தது. பலர் பிடிபட்டார்கள், அரோண்டேயஸ் உள்பட பன்னிரண்டு பேரை அந்த ஜூலையில் சுட்டுக் கொன்றார்கள். ஒரு பதிவேட்டை அழிப்பதற்காக உயிரைக் கொடுத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இன்றைய அரசை நம்பி நீங்கள் கொடுக்கும் விவரம் நாளைய அரசின் கைக்கும் போகும். அது எப்படிப்பட்ட அரசு என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஜெர்மனியை நீங்கள் இழுத்தது நல்லதுதான். அங்கே பதினாறு வயதிலிருந்து அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ இருக்க வேண்டும், ஆனால் பொதுவாக அதைக் கையோடு எடுத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. கைரேகை போன்ற உடல் அடையாளங்களை நாடு முழுக்க ஒரே தரவுத்தளமாகச் சேர்க்கக் கூடாது என்று அட்டைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பட்டு அறிந்த நாடு போட்டுக்கொண்ட தடை அது. இந்தத் தடைகளை எழுத மறுத்துவிட்டு ஜெர்மனியை உதாரணம் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

குண்டு விஷயம். ஸ்பெயினில் அட்டை பல காலமாகக் கட்டாயம். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தது. அடுத்த ஆண்டு லண்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு, அட்டை இருந்திருந்தால் தடுத்திருக்குமா என்று கேட்டபோது, அட்டையைக் கொண்டுவரத் துடித்துக்கொண்டிருந்த உள்துறை அமைச்சர் சார்லஸ் கிளார்க்கே சந்தேகம்தான் என்றார். குண்டு வைப்பவரின் பெயர் அட்டையில் இருக்கும், நோக்கம் இருக்காது.

சரி, நாளைக்கு ஒரு போலீஸ்காரர் கேட்டால் என்ன செய்வது? மறுத்துவிட்டுச் சிறைக்குப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, அதன் விலையைக் கொடுக்கப்போவது நீங்கள்தான். ஆனால் காட்டுவதற்கு முன் “எதற்காகக் கேட்கிறீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நீங்கள் கேட்டாக வேண்டும். உங்களைப் போன்றவர்கள் கேட்காததால்தான் லாசனைப் போன்றவர்கள் கேட்கும்போது அது திமிராகத் தெரிகிறது. அப்புறம், உங்கள் பிரதிநிதிக்கு எழுதுங்கள். இங்கிலாந்தில் ஒருவரை நிறுத்தி உடலைச் சோதித்தால், காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், அவர் கேட்டால் பிரதி கொடுக்க வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அடையாளம் கேட்பதற்கும் அதே விதி வேண்டும்: யாரை, எப்போது, என்ன சந்தேகத்தில் நிறுத்தினேன் என்று போலீஸ்காரர் தன் பெயரோடு எழுதி, நிறுத்தப்பட்டவர் கையில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும்.