வாசல்ல தமிழ்ல கூப்பிடாதீங்கப்பா

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சேலம் பொன்னம்மாபேட்டைக்காரன். டொரன்டோ வந்து 14 வருஷம் ஆகிறது. 11 வயது மகள், 'ஸ்கூல் வாசல்ல தமிழ்ல கூப்பிடாதீங்கப்பா' என்கிறாள். ஊரிலிருந்து அப்பாயி போனில் பேசினால் இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாள். கட்டாயப்படுத்தவா, விட்டுவிடவா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் வளர்ந்த பேட்டையில்தான் நானும் வளர்ந்தேன், ஆனால் வேறொரு மொழிக்குள். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம். பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத்தை விட்டுக் கிளம்பிவந்த பட்டு நெசவுக் கூட்டம் எங்களுடையது.

ஆறாம் வகுப்பில் ஒரு மழை நாள். பாட்டி குடையோடு பள்ளி வாசலில் நின்று எங்கள் மொழியில் கூப்பிட்டாள். பையன்கள் அதை இழுத்து இழுத்துச் சொல்லிச் சிரித்தார்கள். 'நீ போ பாட்டி, வரேன்' என்றேன், தமிழில். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தெருவில் என்னிடம் தமிழ்தான் பேசினாள். கொஞ்ச நாளில் வீட்டிலும். அடுப்படியிலும் கோபத்திலும் மட்டும் அவளுக்குத் தமிழ் வரவில்லை. அதனால் சமையல் சொற்களும் வசவுகளும் எனக்கு மிஞ்சின.

தமிழுக்கு வந்ததில் எனக்கு நஷ்டமில்லை. எழுத்தாளர் எம்.வி.வெங்கட்ராமின் தாய்மொழியும் சௌராஷ்டிரம்தான். 1993இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது தமிழில் எழுதியதற்கு. ஆனால் 2008இல் எங்கள் எழுத்து, கம்ப்யூட்டர்களுக்கான பொது எழுத்துப் பட்டியலான யூனிகோடில் ஏறியபோது, அதில் என் பெயரை எழுத எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

வாசலில் அவள் கேட்டபடியே இருந்துவிடுங்கள். அந்த இருபதடி தூரத்தை அவளுக்கு விட்டுக்கொடுங்கள். கார்க் கதவை மூடியதும் வழக்கம்போலப் பேசுங்கள். வீடியோ காலில் சொந்தக்காரர்கள் முன்னால் 'எங்கே, தமிழ்ல பேசிக் காட்டு' என்று மட்டும் சொல்லாதீர்கள். (நீங்கள் எழுதவில்லை, ஆனால் சொல்லியிருப்பீர்கள்.) எந்தப் பிள்ளையும் ஓடத்தான் செய்யும். அப்பாயியிடம் பேச அவளுக்கு ஒரு வேலை வேண்டும். நம்மூர்த் தள்ளுவண்டிப் பலகாரமான தட்டுவடை செட்டுக்குச் சிவப்புச் சட்னி எப்படி அரைப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். இங்கிலீஷில் எழுதினாலும் சரி.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பா? அனுப்புங்கள், கெடுதல் இல்லை.

அடுத்த லீவில் சேலம் வந்தால், சாயங்காலம் ஒரு தள்ளுவண்டிக்கு அவளைத் தனியாக அனுப்பிப் பாருங்கள். தட்டுவடைமேல் சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டை அள்ளி வைத்தபடி, வண்டிக்காரர் தலை நிமிராமல் 'காரம் போடவா பாப்பா?' என்பார். நீங்கள் பத்தடி தள்ளியே நில்லுங்கள்.