சாய்ந்த குறுவை நெல்லை இப்போதே அறுக்கலாமா?

அண்ணே, முற்றிய குறுவை சாய்ந்து தண்ணீரில் கிடக்கிறது, மழை விட்டதும் அறுக்கவா என்று கேட்டிருந்தீர்கள். ரொம்பக் காத்திருக்காதீர்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் வெயில் எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. கதிரிலேயே முளை விட்டுவிடும்.

இன்றே வரப்பை வெட்டித் தண்ணீரை வடிகாலுக்குத் திருப்புங்கள். டயர் வைத்த அறுவடை மிஷின் சேற்றில் புதையும். பெல்ட்டில் ஓடும் மிஷினுக்குச் சொல்லி வையுங்கள். வாடகை கூடுதல்தான், ஆனாலும் நெல் மிஞ்சும். மேட்டில் சாயாமல் நிற்பதைத் தனியாக அறுத்து வையுங்கள். முளைத்த நெல் கலந்தால் அரசு கொள்முதல் நிலையத்தில் குவியல் முழுக்கக் கழித்துவிடுவார்கள், அந்த வேதனை வேண்டாம்.

அங்கே நெல்லின் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அரசு உத்தரவு வந்தால்தான் தளர்வு. ஈர நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூடியே வைத்தால் சூடேறி நிறம் மாறும். மழை இல்லாத நேரமெல்லாம் களத்தில் மெல்லிசாகப் பரப்பிக் கிளறிக்கொண்டே இருங்கள்.