கடலடியில் கிடைத்த பழைய மரப்படகை ஏன் உடனே காயவைக்கக் கூடாது?

மொரீஷியஸின் மாஹேபூர் அருங்காட்சியகத்தில் 1744-இல் மூழ்கிய சேன் ஜெரான் கப்பலின் மணியைப் பார்த்தவர்கள், "மணியை வைத்த மாதிரி கப்பலையே வைக்கலாமே?" என்று கேட்பதுண்டு. வெண்கலம் தாங்கும், மரம் தாங்காது.

நீரூறிய மரம் என்றால், உள்ளே அரித்துப்போய், அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியிருக்கும் மரம். பார்க்க முழுசாக இருக்கும், விரலால் அழுத்தினால் அமுங்கும். நுண்ணுயிரிகள் சத்தைத் தின்றுவிட, மிச்சமிருக்கும் மெல்லிய சுவர்களை அந்தத் தண்ணீர்தான் தாங்கிப் பிடிக்கிறது. அது ஆவியாகும்போது சுவர்களையும் சேர்த்து இழுத்துவிடும். கத்தரிக்காய் வற்றல் போடும்போது துண்டு சுருங்கிக் கோணுகிறதே, அதே கதைதான்.

அதனால் முதலில் நன்னீரில் ஊறவைத்து உப்பை எடுப்பார்கள். அப்புறம் தண்ணீர் இருந்த இடத்தில் பாலிஎத்திலீன் கிளைகோல் என்ற மெழுகு போன்ற பொருளை மெல்ல ஏற்றுவார்கள். முகக் கிரீம்களில் சேர்க்கிற சரக்குதான் அது. சுவீடனின் வாசா கப்பலுக்கு இதைத் தெளிக்கவே 17 ஆண்டுகள் ஆயின. அது மூழ்கிக் கிடந்த பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரம் துளைக்கும் கப்பல்புழு அங்கே வாழாது. அந்த அதிர்ஷ்டம் நம் வெப்பக் கடலுக்கு இல்லை. இங்கே மணலுக்குள் புதைந்த மரம்தான் பெரும்பாலும் தப்பும்.

காட்சிக்கு வைத்த பிறகும் அறையின் ஈரப்பதம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துருப்பிடித்த ஆணிகள் வேறு, மரத்துக்குள் அமிலம் உண்டாகத் துணைபோகும்.

வெயிலில் வைக்காமல் நிழலில் மெதுவாகக் காயவைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாக அரித்துப்போன மரம் நிழலிலும் சுருங்கி வெடிக்கத்தான் செய்யும், கொஞ்சம் தாமதமாக, அவ்வளவுதான்.