சேலம் மாதிரி ஊர்ல ஆர்கெஸ்ட்ரா ஸ்கூலுக்கு வந்து வாசிச்சுட்டுப் போறதால பசங்களுக்கு என்ன பிரயோஜனம்?

கேட்டவர் பையன் ஸ்கூலுக்கு ஒரு வெஸ்டர்ன் மியூசிக் குழு வந்து ஒரு மணி நேரம் வாசிச்சுட்டு போட்டோ எடுத்துட்டு கிளம்பிட்டாங்களாம், இதனால என்ன ஆச்சுன்னு கேக்கறாரு. நியாயமான கேள்விதாங்க.

நான் சேலம், மெல்லிசைக் குழுவுல வயலின் வாசிக்கிறேன். நம்ம ஊர்ல ஆர்கெஸ்ட்ரான்னாலே கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, மேடை, சினிமாப் பாட்டு, அவ்ளோதான். ஸ்கூலுக்கு வந்து வாசிக்கறேன்னு ஒரு ஹெச்எம் கிட்ட போன்ல சொன்னப்ப "மைக்செட் நீங்களே கொண்டாந்துருவீங்களா, ஸ்டேஜ் எத்தனை அடி வேணும்"னு கேட்டாரு.

ஒரு தடவை வந்துட்டுப் போறதுல அந்த ஒரு மணி நேர சந்தோஷம் மட்டும்தான் மிச்சம், அதையும் நான் குறைச்சு சொல்லல. ஆனா பொருள குடுத்துட்டு ஆள் திரும்ப வரலன்னா என்ன ஆகும்னு நான் கண்ணால பாத்தேன். ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில என் ஃப்ரெண்டு டீச்சரா இருக்கான், "யாரோ நாலு வயலின் குடுத்துட்டுப் போனாங்கடா, நாலும் ரிப்பேர், சத்தமே வரல, வந்து பாரு"ன்னான். 20 ஹேர்பின் பெண்டும் பைக்ல ஏறிப் போய் பீரோவத் தொறந்து பாத்தா எல்லாம் புத்தம் புதுசு. வில்ல வெச்சு இழுத்தா 'உஸ்'ஸுன்னு காத்து மாதிரி வருது. ரோசினே தேய்க்கல, அதான் வில்லுக்குத் தேய்க்கற பிசின் கட்டி! புது வில்லுல இருக்கற குதிரை முடி வழவழன்னு இருக்கும், ரோசின் தூள் ஒட்டினாதான் அது கம்பியப் புடிச்சு இழுத்து விடும், அந்தப் புடிச்சு விடற வேலைதான் சத்தம். ரோசின் பொட்டிக்குள்ளயேதான் இருந்துச்சு, ஒருத்தன் மிட்டாய்னு நக்கி வேற பாத்துருக்கான். உப்புத்தாள்ல அத சொரண்டி ஒவ்வொரு வில்லுக்கும் பத்து நிமிஷம் தேய்ச்சேன், நாலும் பேசிடுச்சு.

அப்பறம் பாத்தா நாலும் ஃபுல் சைஸ். ஆறாவது படிக்கற பசங்கள்ல பாதிப் பேருக்கு கை எட்டல, அவங்களுக்கு முக்கால் சைஸ், இன்னும் சின்னதுகளுக்கு அரை சைஸ் வேணும். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். இதுபோக மழைக்காலத்துல மேல ஏற்காட்டு ஈரத்துக்கு பிருடை, அதாவது கம்பிய முறுக்கற மரக்கட்டை, உப்பி இறுகிக்கும், அதே வயலின ஏப்ரல்ல கீழ சேலத்துக்கு கொண்டாந்தா காஞ்சு வழுக்கி கம்பி தொளதொளன்னு ஆயிடும். பக்கத்துல தெரிஞ்ச ஆள் இல்லன்னா இதெல்லாம் 'ரிப்பேர்' கணக்குலதான் போகும்.

வெனிசுவேலாவுல எல் சிஸ்தேமான்னு ஒண்ணு, 1975ல ஹோசே அந்தோனியோ அப்ரெயு ஆரம்பிச்சது. அங்க பசங்க தனியா வருஷக்கணக்கா சாதகம் பண்ணிட்டு குழுவுல சேர்றதில்ல, சீக்கிரமே குழுவுல உக்காந்துருவாங்க, பெரிய பசங்க சின்னவங்களுக்கு சொல்லிக் குடுப்பாங்க. ரொம்பச் சின்னதுகளுக்கு முதல்ல காகிதக் கூழ்ல செஞ்ச வயலின்தான், புடிக்கற விதமும் பத்திரமா வெச்சுக்கற பழக்கமும் வர்றதுக்காக. நாங்க பசங்களுக்கு நடத்தற கிளாஸ்ல அதப் பாத்து காப்பியடிச்சோம், மளிகைக்கடை அட்டைப்பெட்டியில வெட்டினது. ஊர்ல சிரிச்சாங்க, சிரிக்கட்டும். நம்ம சென்னையிலயும் ரகுமானோட சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா வசதியில்லாத வீட்டுப் பசங்களுக்குத்தான், அதுவும் ஒரு நாள் கூத்து கிடையாது, வருஷக்கணக்கா பயிற்சி.

எடுத்த எடுப்புல மொசார்ட்டெல்லாம் வேணாம்ங்க. எங்க கிளாஸ்ல ஒரு பையன், அவங்கப்பா மாரியம்மன் பண்டிகைக்கு பம்பை அடிக்கறவரு, இவன் பெஞ்சுல தட்டினாலே கை நிக்காது. அவனத் தட்ட விட்டு மத்தவங்கள வெறும் கம்பியில, விரலே வெக்காம, ரெண்டே சுரத்த அந்தத் தாளத்துக்கு இழுக்க வெச்சேன். முதல் தடவை கண்றாவியா இருந்துச்சு. நாலாவது தடவை எல்லாரும் ஒண்ணா நிறுத்தினாங்க பாருங்க, ஒருத்தன் "அண்ணா, இன்னொருக்கா, இன்னொருக்கா"ன்னு குதிச்சான். இன்னொருத்தி வயலின் மேல கன்னத்த வெச்சுக்கிட்டு "பல்லெல்லாம் அதிருதுண்ணா"ன்னா.

உங்க பையனுக்கு நிஜமாவே ஆர்வம் வந்திருந்தா சேலத்துல மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில்னு போகலாம், தனியார் கிளாஸோட பாத்தா செலவு ரொம்பக் கம்மி. ஆனா அங்க கர்நாடக முறை, கீழ உக்காந்து வாசிக்கணும், ஸ்ருதி சேக்கறதும் வேற மாதிரி. குழுவுல நின்னுட்டு வாசிச்சவங்களப் பாத்துட்டு போற பையனுக்கு முதல் வாரம் கடுப்பாத்தான் இருக்கும், முன்னாடியே சொல்லி வெச்சுருங்க. அந்தக் குழுக்காரங்க நம்பர் ஸ்கூல்ல இருந்தா போன் பண்ணி "அடுத்து எப்ப வருவீங்க"ன்னு மட்டும் கேளுங்க, தேதி சொல்றாங்களா மழுப்பறாங்களான்னு பாத்தாலே தெரிஞ்சுடும்.

அப்பறம், யார் வீட்லயாவது முக்கால் சைஸ் வயலின் பரண் மேல சும்மா கிடந்தா கமெண்ட்ல சொல்லுங்க, கம்பி அறுந்திருந்தாலும் பரவால்ல, நானே வந்து எடுத்துக்கறேன்.