கேம் படங்களும் உரிமைச் சிக்கல்களும்: கேள்வி பதில்

வீடியோ கேம்கள் படமாகவும் தொடராகவும் வருவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பாதிக்கு மேல் உரிமை பற்றிய கேள்விகள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: ஒரு கேமின் பட உரிமையை வாங்கிவிட்டார்கள் என்று செய்தி வரும். அப்புறம் வருடக்கணக்கில் சத்தமே இருக்காது. ஏன் சார்?

பெரும்பாலும் அப்போது முழு விலை கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு சிறு தொகையைக் கொடுத்து, குறிப்பிட்ட காலம்வரை வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று பிடித்து வைப்பார்கள். இதற்கு ஆப்ஷன் என்று பெயர். கெடுவுக்குள் திரைக்கதை, இயக்குநர், பணம் எல்லாம் கூடி வந்தால் மீதித் தொகை கைமாறும். இல்லையென்றால் உரிமை சொந்தக்காரரிடமே திரும்பிவிடும். முழுசாக எடுத்த படத்துக்கும் அடுத்த பாகத்தில் இந்தக் கெடு உண்டு. ‘டூம்ப் ரைடர்’ கேமின் படம் 2018இல் வந்தது. இரண்டாம் பாகம் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். 2022இல் படக் கம்பெனியான எம்ஜிஎம் கையை விட்டு உரிமை போய்விட்டது.

கேள்வி: அண்ணா, ஹேலோ கேமின் படத்துக்கு ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ இயக்குநர் பீட்டர் ஜாக்சன் பெயரெல்லாம் அடிபட்டதே, என்ன ஆச்சு?

எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது. 2005இல் ஹேலோவின் சொந்தக்காரரான மைக்ரோசாஃப்ட் தானே பணம் கொடுத்து எழுத்தாளர் அலெக்ஸ் கார்லண்டை வைத்துத் திரைக்கதை எழுத வாங்கியது. அதன் பிரதிகளை ஹாலிவுட் ஸ்டுடியோக்களுக்குக் கொண்டுபோனவர்கள் கேமின் நாயகன் மாஸ்டர் சீஃப்பின் கவசத்தை அணிந்து போனார்கள். யுனிவர்சலும் ஃபாக்ஸும் சேர்ந்து எடுப்பதாக முடிவானது. ஜாக்சன் தயாரிப்பு, நீல் ப்ளோம்காம்ப் இயக்கம். 2006இல் செலவு, லாபப் பங்கு என்று பேச்சு இழுத்துக்கொண்டே போய் முறிந்தது. அதே இருவர் 2009இல் ‘டிஸ்ட்ரிக்ட் 9’ எடுத்தார்கள், சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஹேலோ 2022இல் பாரமவுண்ட் பிளஸ் தொடராக வந்து இரண்டு சீசனோடு நின்றுவிட்டது.

கேள்வி: நெட்ஃப்ளிக்ஸின் விட்சர் தொடர் கேமிலிருந்து எடுத்ததுதானே?

இல்லை. போலந்து எழுத்தாளர் ஆந்த்ஷேய் சப்கோவ்ஸ்கியின் புத்தகங்களிலிருந்து. கேம் கம்பெனியான சிடி ப்ராஜெக்ட்டும் அவரிடம்தான் உரிமை வாங்கியது. கேம் ஓடும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை, அதனால் லாபத்தில் பங்கு வேண்டாம், மொத்தமாகக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார். கேம்கள் உலகமெங்கும் பிய்த்துக்கொண்டு ஓடின. 2018இல் அவருடைய வக்கீல்கள் 6 கோடி ஸ்லாட்டி (போலந்து நாணயம்) கேட்டு நோட்டீஸ் அனுப்பினார்கள். மறு வருடம் இரு தரப்பும் புது ஒப்பந்தம் போட்டு முடித்துக்கொண்டார்கள். உரிமையை விற்கிற எவரும் படிக்க வேண்டிய பாடம்.

கேள்வி: 1993இல் படுத்த மாரியோ, 2023இல் எப்படி ஓடியது?

முதல் தடவை மாரியோ கேமின் கம்பெனியான நின்டெண்டோ உரிமையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றது. இரண்டாம் தடவை தன் பணத்தையும் போட்டது. மாரியோவை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோவே, அனிமேஷன் கம்பெனியான இல்லுமினேஷனின் கிறிஸ் மெலடான்ட்ரியோடு தயாரிப்பாளராக உட்கார்ந்தார். வசூல் 130 கோடி டாலரைத் தாண்டியது. அடுத்து தன் இன்னொரு கேமான ‘செல்டா’வின் படத்துக்குப் பாதிக்கு மேல் நின்டெண்டோவே முதலீடு செய்கிறது, சோனி வெளியிடுகிறது. பணம் போட்டவன் பேச்சுதான் எடுபடும். கேமைச் செய்தவர்களே அந்தப் பணத்தைப் போடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: தி லாஸ்ட் ஆஃப் அஸ் ஏன் படமாக வரவில்லை?

2014இல் ஸ்க்ரீன் ஜெம்ஸ் என்ற படக் கம்பெனி, சாம் ரெய்மி தயாரிப்பில் படம் என்றுதான் அறிவித்தார்கள். நகரவே இல்லை. அது நல்லதாகப் போயிற்று. கேமை எழுதிய நீல் டிரக்மேன், கிரெய்க் மேஸினோடு சேர்ந்து 2023இல் எச்பிஓ தொடராக்கினார். மூன்றாவது எபிசோடைப் பாருங்கள். கேமில் ஃபிராங்க் என்பவரைப் பிணமாகத்தான் பார்ப்போம், பக்கத்தில் அவருடைய துணையான பில் என்பவர் மீதான கசப்பைக் கொட்டிய ஒரு கடிதம். தொடரில் அந்த இருவரின் மொத்த வாழ்க்கையும் விரிகிறது. இரண்டு மணி நேரப் படமாக இருந்தால் முதலில் வெட்டுப்பட்டிருப்பது அதுதான்.

கேள்வி: கேம் நாயகன் சோனிக்கின் உருவத்தைப் படத்தில் ரசிகர்களுக்காக மாற்றியது உண்மையா?

உண்மைதான். 2019 ஏப்ரலில் வந்த டிரெய்லரில் மனிதப் பல்லோடு இருந்த சோனிக்கைப் பார்த்து எல்லோரும் கொதித்தார்கள். உருவத்தைத் திருத்துவதற்காக அந்த நவம்பரில் வரவேண்டிய படத்தை 2020 பிப்ரவரிக்குத் தள்ளிவைத்தார்கள்.