முகத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிது?

கேள்வி: கல்யாண மண்டபங்களில் படம் எடுக்கிறேன். மூக்கு நிழல் கூர்மையாக விழுகிறதே என்று ஃபிளாஷுக்கு 120 செ.மீ. வெள்ளைக் குடை வாங்கி, மணமக்களிடமிருந்து 4 மீட்டர் தள்ளி வைக்கிறேன். பெரிய மாற்றம் இல்லை. நெற்றியும் மினுங்குகிறது. குடையில் குறையா?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: குடை நல்ல குடைதான், தூரம்தான் கெடுக்கிறது. முகம் இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் குடை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அதுதான் கணக்கு. சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கி.மீ. ஆனால் 15 கோடி கி.மீ. தொலைவில் இருப்பதால், 1 மீட்டரில் வைத்த 9 மி.மீ. விளக்கு போலத்தான் வேலை செய்கிறது. வெயில் நிழல் கூர்மையாக விழுவது இதனால்தான்.

உங்கள் குடைக்குக் கணக்குப் போடுவோம். மூக்கு நுனிக்கும் நிழல் விழும் கன்னத்துக்கும் 3 செ.மீ. இடைவெளி என்று கொள்ளுங்கள். குடையின் அகலத்தை இதனால் பெருக்கி, குடைக்கும் முகத்துக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால், நிழலின் விளிம்பு எவ்வளவு அகலத்துக்குக் கரையும் என்பது வரும். 4 மீட்டரில் 0.9 செ.மீ.; 2 மீட்டரில் 1.8, 1.2 மீட்டரில் 3 செ.மீ. மணமகளைத் தனியாக எடுக்கும்போது 1.2 மீட்டர், ஜோடிக்கு 2 மீட்டர் வையுங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். ஃபிளாஷ் 1/1-ல், அதாவது முழுச் சக்தியில், இருந்தால் 1/4-க்கு இறக்குங்கள்.

மினுமினுப்பும் இதிலேயே குறையும். நெற்றியில் தெரியும் வெள்ளைத் திட்டு, வியர்வையில் பிரதிபலிக்கும் குடைதான். சக்தியை இறக்கியதும் குடைத் துணியின் பிரகாசம் குறைகிறது, திட்டும் மங்குகிறது; தோலுக்கு வேண்டிய வெளிச்சமோ அப்படியே இருக்கிறது. திட்டு பெரிதாகும், ஆனால் உறுத்தாது.

ஒளி எவ்வளவு அகலமாக விரிய வேண்டும் என்பதை மாற்றும் ஃபிளாஷின் ஜூமையும் பாருங்கள். 105-ல் இருந்தால் குடையின் நடுப்பகுதி மட்டுமே ஒளிரும்; காசு கொடுத்து வாங்கிய அகலம் வீண். 24-க்கு மாற்றி, லென்ஸ் துளையை எஃப்/22 அளவுக்குச் சிறிதாக்கி, குடையையே ஒரு படம் எடுங்கள். ஓரம் வரை வெள்ளையாக இருக்க வேண்டும்.

குடும்பப் படத்துக்கு மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். முன்வரிசைக்கு 2 மீட்டரில் குடை இருந்தால், 1 மீட்டர் பின்னால் நிற்பவர்களுக்குப் பாதி வெளிச்சம்கூடக் கிடைக்காது. அங்கே 4 மீட்டரே சரி.

கேள்வி: ஃபிளாஷ் மேல் மாட்டும் பிளாஸ்டிக் மூடி வெளிப்புறத்தில் உதவுமா?
(தஞ்சாவூர் வாசகர்)

பதில்: உதவாது. மூடி ஃபிளாஷின் தலையைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். அறைக்குள் நிழல் மிருதுவாவது, சிதறிய ஒளி வெள்ளைச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்புவதால். திறந்த வெளியில் அந்த ஒளி வானத்துக்குப் போகிறது, பேட்டரி தீர்கிறது. கழற்றி வையுங்கள்.

கேள்வி: நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளை இணையத்தில் விற்கிறேன். சாஃப்ட்பாக்ஸ் (ஃபிளாஷுக்கு முன்னால் மாட்டும், வெள்ளைத் துணி மூடிய பெட்டி) வைத்தும் பித்தளையில் வெள்ளைப் பொட்டுகள் தெரிகின்றன. என்ன செய்வது?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: குமிழும் தண்டும் குவிந்த வளைவுகள். அறை முழுவதையும் சுருக்கிக் காட்டுவதால், 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸும் அவற்றில் பொட்டாகத்தான் தெரியும். விளக்கின் இரு பக்கமும், விளக்கைவிட உயரமாக, டிரேசிங் பேப்பரைத் தொங்கவிடுங்கள். விளக்குக்கும் தாளுக்கும் 20 செ.மீ. போதும். ஃபிளாஷைத் தாளுக்குப் பின்னால் 60 செ.மீ. தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் தாளில் ஒரு வட்டம் மட்டும் ஒளிர்ந்து, பொட்டு மறுபடி வரும்.

சுற்றிலும் வெள்ளையே இருந்தால் பித்தளை மஞ்சள் பிளாஸ்டிக் போலத் தட்டையாகிவிடும். பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். இரு தாள்களின் கேமரா பக்க ஓரத்திலும் 5 செ.மீ. அகலத்தில் கறுப்புச் சார்ட் பட்டை ஒட்டுங்கள். அது தண்டில் மெல்லிய கருங்கோடாகப் பிரதிபலித்து, உருண்டை வடிவத்தை எடுத்துக் காட்டும். கோடு தடித்துத் தெரிந்தால் பட்டையை நறுக்கிக் குறையுங்கள். பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் வாங்க வேண்டாம். உலோகத்தில் நேரடியாகப் பிரதிபலிக்கும் ஒளியை அது தனியாக அடக்காது, படம் முழுவதையும் மங்கவைக்கும்.